தகவல் வருவதற்குமுன் ஒரு சைபர்

ஆடி, செவ்வாய் இரவு

முட்டத்தில் இன்று பலத்த காற்று. அங்குள்ள மீனவர் சங்கத்துக்காக நான் எழுதிய இணையப் பக்கத்தில், கரை திரும்பிய வள்ளங்களின் எண்ணிக்கை தெரியும். என்னோடு பள்ளியில் படித்த ரெஜினா, கடலுக்குப் போன கணவருக்காக அதைத் திறந்திருக்கிறாள். சிக்னல் சரியில்லை. தகவல் வந்து சேரும்வரை அந்த இடத்தில் சைபர் நின்றது. காலியாக விட்டால் நன்றாக இராது என்று நான் வைத்தது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாளாம். கொஞ்ச நேரத்தில் எண் மாறியது. கணவரும் வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஒருத்தரும் வரல்லண்ணு நெனச்சிட்டேன். தெரியலண்ணா தெரியலண்ணு போட்டா என்னவாம்?"

"அது சும்மா போட்ட சைபர்."

"ஒனக்குச் சும்மா."

நாகர்கோவிலில் என் அலுவலகத்தின் வேகமான இணைப்பில் அந்தச் சைபர் கண்ணில் படுவதற்குள் மாறிவிடும். முட்டத்தில் நின்று ஒருமுறைகூட நான் திறந்து பார்த்ததில்லை.

'தகவல் இன்னும் வரவில்லை' என்று மாற்றி, அவளைப் பார்க்கச் சொன்னேன்.

"இதப் பாத்தாலும் பயந்தான். ஆனா காத்துட்டு நிக்கலாம்" என்றாள்.

காற்றில் இங்கேயும் ஜன்னல் அடித்துக்கொள்கிறது. நாளைக்கும் அவள் கணவர் கடலுக்குப் போகிறாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.