மூடியில் காய்ந்த சந்தனம்

கே.கே. நகர், திருச்சி

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

அப்பாவின் பைக் ரயிலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து, ஸ்ரீரங்கம் போகும் காவிரிப் பாலத்தில் தினமும் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் குழாயையும் மாற்றினேன். அலுத்துப்போய் விற்க ஆள் பார்த்துவிட்டேன். வாங்க வந்த ரெங்கராஜ் ஓட்டிப் பார்த்தார், நின்றது. டேங்க் மூடியைத் திறந்தார், கிளம்பியது.

"டிப்ளமா படிச்ச தம்பி, மூடியில இருக்கிற காத்துத் துளையில சந்தனத்தை அப்பி வச்சா காத்து எப்படிப் போகும்? காத்து போகாம பெட்ரோல் எப்படி இறங்கும்?" என்று சிரித்தார்.

ரயிலில் ஏற்றும்போது நீ வைத்த பொட்டுதான். துளையை மட்டும் ஊசியால் குத்தித் திறந்துவிட்டேன். மீதியில் உன் விரல் பதிந்திருக்கிறது; சுரண்டவில்லை. வண்டியை விற்கவும் இல்லை.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. பொங்கலுக்கு இங்கே வந்தால் பொட்டை ஹெட்லைட்டில் வை. வருவாய்தானே? ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

சிவசங்கர்