முரடன் பிடித்த பதினான்கு ஊர்கள்

8 ஜூலை 2010, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். கடையில் இரண்டு முறை கரண்ட் போனது. ஞாயிறு சந்திப்புக்கு:

– சிதம்பரம் கீழவீதி ஓட்டல் மாடி, ஒன்பது பேருக்கு. சொல்லியாயிற்று.
– எல்லோருக்கும் வழி எழுதி அனுப்ப. பாதி.
– என்ன உடுத்துவது? தெரியவில்லை.

இரண்டு வருடமாக ஒரே கூட்டணியில் விளையாடுகிறோம். வெள்ளாற்றுப் படை. கம்ப்யூட்டரில் ஊர் கட்டி, படை சேர்த்து, அடுத்தவன் ஊரைப் பிடிக்கிற விளையாட்டு. ஒன்பது பேரும் இந்த மாவட்டம்தான், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நேரில் கூடலாம் என்று ஆரம்பித்தவள் நான். அங்கே என் பெயர் முரடன். மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் பார்த்துக்கொள்கிற ஜெசிந்தா என்று ஒருவனுக்கும் தெரியாது.

கூட்டணியில் இருக்கிற சிவாவிடமிருந்து செய்தி: "மச்சான், ஞாயித்துக்கெழம ஒன்ன அப்பிடியே தூக்கி சுத்தப்போறேன் பாரு." சிரித்தேன். பிறகு பட்டியலில் மூன்றாவது வரிக்குத் திரும்பினேன்.

11 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடித்து நேரே பஸ். அம்மாவிடம் தோழிக்கு நிச்சயதார்த்தம் என்று பொய்.

மாடியில் ஏழு பையன்கள். எல்லாம் இன்ஜினியரிங். "யாரு வேணும்?" என்றான் சிவா. நெட்டை, அரும்பு மீசை. "முரடன்" என்றேன். "அவன் இன்னும் வரலங்க." "நான்தான்."

யாரும் தூக்கிச் சுற்றவில்லை. இரண்டு வருடம் மச்சான், ஒரு நிமிடத்தில் அக்கா. ஒருவன் இன்னொருவனிடம்: "இதுங்கிட்டயாடா நான் அவ்ளோ அசிங்கமா பேசினேன்?" வேறொருவன்: "அக்கா, தண்ணி ஜக்க இப்பிடி தள்ளுங்க." சாப்பாடு முடியும்வரை ஜக் என் கையில்.

தலைவர் கடைசியாக வந்தார். விளையாட்டில் கரும்புக்காடு. நிஜத்தில் தனசேகர், நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலை, நாற்பத்தெட்டு இருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி. படியில் தடுக்கினார். பையிலிருந்து கிராஃப் தாளில் கையால் வரைந்த வரைபடம், நம் ஊர்கள் பச்சை, எதிரி ஊர்கள் சிவப்பு. தன் பதினான்கு ஊருக்கும் நம் பக்கத்துப் பெயர்: திட்டக்குடி, சேத்தியாத்தோப்பு, இப்படி. மூக்கு தாளில் இடிக்கக் குனிந்து விளக்கினார். பின்னால் நின்று சிவா அதே மாதிரி குனிந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும். என்னை விட்டுவிட்டு வேறு ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று ஒரு நிம்மதி.

யாரோ என்னைப் பற்றி ஏதோ முணுமுணுக்க, அவர் நிமிர்ந்தார். "எவன்டா அவன்? போன மாசம் இவுங்க படை அனுப்பலன்னா நாம ஒம்போது பேரும் காலி. பொம்பளன்னா என்னா, ஆம்பளன்னா என்னா?" நன்றி வரவில்லை எனக்கு. எரிச்சல்தான் வந்தது.

கிளம்பும்போது தனியே கூப்பிட்டார். இரண்டு கண்ணிலும் புரை, புதன் முதல் பாண்டியில் ஆபரேஷன், மூன்று வாரம் கம்ப்யூட்டர் கூடாது. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "நீங்க பாத்துக்குங்கம்மா. மத்ததுங்க வெளாட்டுப் பசங்க."

12 ஜூலை, திங்கள்

ஜெராக்ஸ் கூட்டம். மதியம் சிவா போன். "அக்கா, ரெண்டு வருஷமா ஏமாத்தியிருக்கீங்கன்னு பசங்க கடுப்புல கீறாங்க. ஒங்கள கூட்டணிலேருந்து தூக்கிடணுங்கறாங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜெராக்ஸ் தாளை எண்ணினேன். அவனே: "பெருசு பாஸ்வேர்டு ஒங்ககிட்டதான? அந்தாளு இருந்தா சின்னவன அடிக்காத, ஊருக்குப் போனவன அடிக்காதன்னு ஒரே ரோதன. அவர காலி பண்ணுங்க. ஊர்லாம் நீங்களே எடுத்துக்குங்க. அப்பறம் எவன் ஒங்கள கேள்வி கேப்பான்?"

முடியாது என்று சொல்லவில்லை. எப்படிச் செய்வது என்றுதான் யோசித்தேன். இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

15 ஜூலை, வியாழன்

மழை வரும் போல இருந்து வரவில்லை. நேற்று அவருக்கு முதல் கண்.

கடை காலி. மதியம் அவர் கணக்கில் நுழைந்தேன். படைகளை எல்லாம் வரைபடத்தின் மறுகோடிக்கு நடக்கவிட்டேன். போய்த் திரும்ப நான்கு நாள். காவல் இல்லாத ஊர்களை என் கணக்கிலிருந்து அடித்தேன். இன்று மூன்று. சுலபம். மூன்றாவதைப் பிடித்தபோது டீ சொல்லிக் குடித்தேன்.

சிவா: "மச்சான்!!!" அக்கா என்று கூப்பிடுவது போய்விட்டது.

17 ஜூலை, சனி

பதினான்கும் முடிந்தது.

நான்கு மணிக்கு அவர் போன், ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து தினமும் போல. "முரடா... தப்பு தப்பு, ஜெசிந்தாம்மா. திட்டக்குடில மதிலு ஒரு படி ஏறிடிச்சா?"

"ஏறிடிச்சி சார்."

உண்மைதான். நான்தான் ஏற்றினேன், எனக்காக.

"கட்டு போட்டு படுத்துகினு கீறப்ப அதத்தான் மனசுல ஓட்டிப் பாக்கறது. ஒண்ணொண்ணா. நேரம் போவுது."

கருவாட்டுக் குழம்பு. தூக்கம் நன்றாக வந்தது.

26 ஜூலை, திங்கள்

கடை திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர். கறுப்புக் கண்ணாடி, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு. பாண்டியில் மருந்து மாற்றிவிட்டுத் திரும்புகிற வழியாம். "அஞ்சு நிமிஷம்மா. நான் பாக்கக் கூடாது. நீங்க படிங்க, கேட்டுட்டுப் போறேன்."

என் கணக்கைத் திறந்தேன். படித்தேன். நெல்லிக்குப்பம், மதில் இருபது. சேத்தியாத்தோப்பு, குதிரை நானூறு. ஊர்ப்பெயர் எதையும் நான் மாற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், முகமெல்லாம் சிரிப்பு.

மனைவி பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏங்க, எல்லாத்துலயும் முரடன்னு போட்டிருக்கு. ஒங்க பேரையே காணமே?"

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, கொஞ்சம் தாமதமாக இறங்கியது.

"முரடன்னா இவுங்கதான். நான் இல்லாதப்ப எவனாச்சும் அடிச்சிடப் போறான்னு பத்திரமா தன் பேருக்கு மாத்தி வெச்சிருப்பாங்க." என் பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடியில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது. "அப்பிடித்தானம்மா?"

"ஆமா சார்."

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். அந்த அம்மா என்னையே பார்த்தார். அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினார்.

இன்று நான்கு மணிக்குப் போன் வரவில்லை.

9 ஆகஸ்ட், திங்கள்

மேகமூட்டம். பிரிண்டரில் மை தீர்ந்தது. நான்கு மணிக்குப் போன் வராமல் இரண்டு வாரம்.

காலையில் விளையாட்டில் ஒரு செய்தி. கரும்புக்காடு, புதுக் கணக்கு, ஒரே ஒரு ஊர். "கண்ணு நல்லா தெரியுது. முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். ஒங்க ஊருங்க பக்கத்துலயே எடம் கேட்டு வாங்கிட்டேன். கூட்டணில சேத்துக்க வேணாம். சும்மா பக்கத்துல இருந்துக்கறேன்."

தெரிந்துதான் எழுதினாரா? நான்கு முறை படித்தேன். பதில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன்.

மதியம் சிவா போனில். "பெருசு திரும்ப வந்துடிச்சி மச்சான். புது ஆளுன்னு மூணு நாளு பாதுகாப்பு, அதுக்கப்பறம் எவன் வேணா அடிக்கலாம். ஒன் வாசல்லயே வந்து ஒக்காந்துகினு கீறாரு. மொத அடி ஒன்னுது. இன்னா சொல்ற? பசங்கல்லாம் கேட்டுகினு கீறாங்க."

வாசலில் ஒரு பெண் பயோடேட்டா அடிக்க வந்து நின்றாள். உட்காரச் சொல்லிக் கை காட்டினேன்.

"வியாழக்கிழம அவருக்கு பாதுகாப்பு எத்தினி மணிக்கு முடியுது?" என்றேன் சிவாவிடம்.