மணி அடித்தால் எந்தப் பக்கம்

30 ஜூலை 2025, புதன்

விடிந்ததும் செல்போனில் செய்தி: ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8. இங்கே ஒரு டம்ளர்கூட ஆடவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் ஆட்டம். ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு நோட்டு அட்டைகளை எடுத்தேன். கடலடித் தட்டு ஒன்று மற்றதன் அடியில் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. மேல்தட்டு நூற்றாண்டுக் கணக்கில் வளைந்து வளைந்து, ஒருநாள் விடுபடுகிறது. அட்டை துள்ளியதும் பிள்ளைகள் கத்தினார்கள். அந்தத் துள்ளலில் மேலே நிற்கும் கடல் மொத்தமும் தூக்கப்படுகிறது, அதுதான் சுனாமி என்றேன்.

அங்கே துறைமுகம் மூழ்கியதாம். ஜனங்கள் முன்பே மேடேறிவிட்டார்கள். 2004-இல் சுமத்ரா அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! நம் ஊர் மேடு கூப்பிடு தூரம்தான். பிறகு ஏன் அப்பா செத்தார்?

2 ஆகஸ்ட்

எங்கள் தேவாலயத்துப் பங்குச்சாமி சம்மதித்துவிட்டார்! சுனாமி ஒத்திகை நடத்தலாம். அடையாளம் கோயில் மணி. ஊர் முழுக்கக் கேட்கும், மின்சாரமும் வேண்டாம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மணி அடித்தது. ஊரே ஓடியது — கடலைப் பார்த்து.

மேட்டில் சாயாக்கடை முன்னால் நான் மட்டும் கொடியோடு நின்றேன். நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் வள்ளம் கவிழ்ந்திருக்கிறது, கரைக்கு வா என்று அர்த்தம். இங்கேயே பிறந்த எனக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை? போன வாரப் பூசையில் சொன்னதெல்லாம் யாருக்கு நினைவு? காதில் மணி விழுந்ததும் கால் தானாகப் போகிறது. கரையில் முதல் ஆளாக நின்றது என் அம்மை இசபெல், காலில் செருப்புகூட இல்லாமல்.

சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கும் மணி அடிச்சு மக்கா. உங்க அப்பா மேட்டுல சாயா குடிச்சிட்டு நின்னாரு. மொத அலையில வள்ளம் மறிஞ்சதுன்னு ஆரோ அடிச்சாவ. கேட்டதும் கீழ ஓடியாந்தாரு."

இருபது வருஷமாக இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அழுதேன்.

11 ஆகஸ்ட்

மணி வள்ளத்துக்கு உரியது. அதைத் தொடக்கூடாது.

13 ஆகஸ்ட்

கிடைத்துவிட்டது! அம்மையின் தொண்டை! அவள் மீன் ஏலத்தில் விலை கேட்டால் பக்கத்து ஊர் திரும்பிப் பார்க்கும். முதலில் வெட்கப்பட்டாள். கெஞ்சிக் கூத்தாடி, "கடலு வருது, மேட்டுக்கு ஏறுங்க மக்கா" என்று செல்போனில் பதிந்துகொண்டேன். கோயில் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஓடத் தோன்றியது. கரண்டு போனாலும் ஓட பேட்டரி வைக்கச் சாமி ஒத்துக்கொண்டார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஊர் ஏறியது! கைக்குழந்தைகள், ஊன்றுகோல்கள், பிரைட்டன் அண்ணனின் ஆடுகள்கூட. கரையில் ஒருவரும் இல்லை. நான் கொடியை ஆட்டி ஆட்டிக் கை வலித்துவிட்டது.

அம்மை கடைசியாக வந்து சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கீழே அவள் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"இஞ்ச வரைக்கும் நல்லா கேக்குது மக்கா," என்றாள்.