அக்காவின் கப்புக்கு எத்தனை கிராம்

ஜூன் 6
அக்கா தன் மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள்தான் ஆகிறது. மகளுக்குக் குறைப்பிரசவம், குழந்தை இரண்டு கிலோகூட இல்லை. போகாமல் இருக்க முடியுமா? நானே பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன். ஆனால் எங்கள் கேக்குக்கு மாவு அளப்பது எப்போதும் அவள்தான். அடுப்பும் டெலிவரியும் என் பாடு. இன்று அதே கப், அதே மாவு, கேக் நடுவில் குழி விழுந்து கிடக்கிறது. போன் செய்தால், "ரெண்டு கப் மாவுடி. ஒரு கப்னா ஒரு கப்தானே, இதுல என்ன சந்தேகம்?" என்கிறாள்.

ஜூன் 7
தராசு வாங்கிவிட்டேன். இனி கிராம்தான். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கணக்குச் சொன்னார்: "கப்புக்கு இருநூத்தி நாப்பது மில்லி. அப்ப இருநூத்தி நாப்பது கிராம். இதுக்கா மண்டையை உடைச்சுக்கிற?"
நானும் ஒரு மடச்சி, கேட்டுத் தொலைத்தேன். வந்தது கேக் இல்லை, செங்கல். அந்தக் கணக்கு தண்ணீருக்குத்தானாம். அதே கப்பில் சர்க்கரை இருநூறு கிராம், மாவு அதைவிடக் குறைவு. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

ஜூன் 8
இன்டர்நெட்டில் ஒருத்தி நூற்று இருபது என்கிறாள், இன்னொருத்தி நூற்று ஐம்பது. சலித்துவிட்டு அளக்க வேண்டுமாம் — இல்லை, அளந்துவிட்டுச் சலிக்க வேண்டுமாம். போதும்டா சாமி.

ஜூன் 9
நூற்று இருபது. மறுபடி குழி.
காபிக் கடைக்காரர் ஒரு துண்டை மென்றுவிட்டு, "அக்கா எப்ப வருவாங்க?" என்றார். பன்னிரண்டாம் தேதிக்குள் பழைய கேக் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். அவர் ஆர்டரில்தான் எங்கள் தொழிலே ஓடுகிறது. அக்கா திரும்பி வந்து கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

ஜூன் 10
பொறுக்க முடியாமல் அவளை மறுபடி கூப்பிட்டேன். மாவை எப்படி அள்ளுவாய், அழுத்துவாயா, தட்டுவாயா என்று கேட்டேன். வெடித்தாள்.
"இங்க பிள்ளை எடை ஏறலன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். உனக்கு மாவு எடையா?"
வைத்துவிட்டாள். முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை. நான் என்ன, எனக்காக மட்டுமா கேட்டேன்?

ஜூன் 11
மதியம் அவளே கூப்பிட்டாள். குழந்தையை நிறுக்க நர்ஸ் ஒரு தராசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம். குழந்தை தூங்கும்போது அதில் பாத்திரத்தை வைத்துச் சைபராக்கிவிட்டு, மகள் வீட்டிலும் இருந்த அதே அளவுக் கப்பால் வழக்கம்போல் பத்துக் கப் மாவு அள்ளிப் போட்டாளாம்.
"ஆயிரத்தி நானூத்தி எண்பது காட்டுது. பத்தால வகுத்துக்கோ."
நூற்று நாற்பத்தெட்டு! கப்பை மாவுக்குள் அழுத்தி, டின் ஓரத்தில் இரண்டு தட்டும் தட்டுகிறாளாம். அவள் கை அப்படிச் செய்வது அவளுக்கே இன்றுதான் தெரிந்ததாம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜூன் 12
கேக் எழும்பி நின்றது. கடைக்காரர் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டு, "அக்கா வந்துட்டாங்க போல" என்றார். எரிச்சல்தான். ஆனால் ஆர்டர் நிலைத்தது.

ஜூன் 15
கேக் அடுப்பில் இருக்கும்போது அக்கா போன்.
"முப்பது கிராம் ஏறிட்டாடி. இல்ல, இரு... முப்பத்தஞ்சு. ரெண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன்."
சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். முப்பத்தைந்து கிராம் என்றால் மாவில் கால் கப்கூட வராது. நானும் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.