கால் தேடும் பிரேக்

என்னங்க,

தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு சமையல் மேடையில் மூடி வைத்திருக்கிறேன். சாவி கொக்கியில்.

நேற்று நீங்கள் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டே வந்தேன். "நான் என்ன உன்கிட்ட ஓட்டக் கத்துக்கிற எல் போர்டா?" என்று கத்தினீர்கள். நானும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன்.

உங்கள் மேல் நம்பிக்கையில்லாமல் இல்லை. அது பயம். டிரைவிங் ஸ்கூலில் நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண் சுவரில் மோதியபோது, சொல்லிக்கொடுப்பவருக்கென்று என் பக்கம் இருக்கும் பிரேக்கை நான் மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் கால் பிரேக்கைத் தேடுகிறது. முதலில் கட்டைவிரல் மடங்கும், அப்புறம் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இன்றைக்கு அவள் மறுபடி வருகிறாள். "மூச்சை மெதுவா விடும்மா, பிடியைத் தளர்த்து, தூரத்தைப் பாரு" என்று அவளுக்குச் சொன்னதையெல்லாம் இன்று நான் செய்ய வேண்டும்.

நான் போன் செய்தால் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். மூச்சு விடச் சொல்லுங்கள், போதும்.

கதவைக் கொஞ்சம் தூக்கிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பூட்டு விழாது.

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். இப்போதும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. மூச்சை நீளமாக விட்டேன், குதிகால் லேசாக எழும்பியது. அது மறுபடி இறங்குவதற்குள் கிளம்பிவிடுகிறேன்.