ரெண்டு கையும் உளிமேல்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பக்கத்து மண்டியிலிருந்து அழுகிய மாம்பழ நாற்றம். வீடு முழுக்க ஈ. இவர் விரல் கட்டின்மேலும் ஈ. விரட்டி விரட்டித்தான் துணி மாற்றினேன்.

இடது ஆள்காட்டி விரலில் மேல் கணு போய் இன்றோடு இருபது நாள். மரம் கடைகிற லேத் ஓடும்போது நான் அடுப்படியிலிருந்து "காபி" என்று கூப்பிட்டேனாம், திரும்பினாராம், உளி இழுத்துவிட்டதாம். பாகாலா ஊர் முழுக்க இதே கதை. நான் கூப்பிட்டது நிஜம். அதனால் வாயைத் திறக்க முடியவில்லை.

திருச்சானூர் கடைக்காரர் மறுபடி போன். தெலுங்கில் நயமாகத்தான் கேட்டார். இந்த வாரம் பூரிக்கட்டை வராவிட்டால் பலமனேரில் வேறு ஆள் பார்ப்பாராம். ஆக, இனி பட்டறைக்கு நான். கட்டையைக் கடைந்து வழவழப்பாக்க முன்பே தெரியும். பயமெல்லாம் பார்ட்டிங் உளியிடம்தான். கடைந்த கட்டையின் இரு முனையிலும் கழிவை அறுத்து எடுக்கிற ஒல்லி உளி. விரலைத் தின்றது அதுவே.

ஜூன் 10, செவ்வாய்

வளையல் கழற்றியாச்சு. தாலி ஜாக்கெட்டுக்குள். முந்தானை இறுக்கிச் செருகல். இவர் நாற்காலியில், மகாராஜா மாதிரி.

சொன்னவை, மறக்காமல் இருக்க:
– உளியைத் தாங்கும் ரெஸ்ட், கட்டைக்கு நெருக்கமாக. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.
– ஓட விடும் முன் கட்டையைக் கையால் ஒரு சுற்று.
– உளி முனை கட்டையின் நடு உயரத்தில்.
– வெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெட்டு. பள்ளம் உளியைவிட அகலமாக இல்லாவிட்டால் கவ்வும்.
– கடைசிவரை அறுக்கக் கூடாது. சுண்டுவிரல் கனம் இருக்கும்போதே நிறுத்தி, மிச்சத்துக்கு ரம்பம்.
– ரெண்டு கையும் உளிமேல்.

கடைசியை மட்டும் பத்து தடவை சொன்னார். கூடவே, யார் கூப்பிட்டாலும் திரும்பாதே, திரும்பித்தான் நான் கெட்டேன் என்று ஒரு குத்தல்.

மூன்றாவது கட்டையில் உளி கவ்வியது. தோள்வரை அதிர்ச்சி. பள்ளத்தை அகலமாக்க மறந்துவிட்டேன். இரண்டு கையும் பிடியில் இருந்ததால் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் ஒரு கேள்வி. இவர் விரல் மட்டும் எப்படிக் கட்டைக்கும் ரெஸ்டுக்கும் நடுவில் போனது?

சாயங்காலம் புத்தூரிலிருந்து இவர் தங்கை, கோழிக் குழம்போடு. இரண்டு நாள் இருப்பாளாம். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "ஏன் அண்ணி, மெஷின் ஓடிக்கினு இருக்கசொல்ல ஒரு மனுசனக் கூப்புடுவாங்களா?" இவர் எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

தங்கை கடைத்தெருவுக்கு. பதினோரு மணிக்கு நான் முடித்தது ஆறே கட்டை. இவருக்குப் பொறுக்கவில்லை. உளியைப் பிடுங்கி, பிடியை அக்குளில் இடுக்கி, வலது கையால் அறுக்கத் தொடங்கினார். கட்டை மெலிய மெலிய, அந்த இடது கை, கட்டுத் துணியோடு, தானாகப் போய்ச் சுற்றுகிற கட்டைக்கு அடியில் ஏந்திக்கொண்டது. விழுவதைப் பிடிக்க. மெஷினை நிறுத்தி ரம்பம் எடுக்க அத்தனை சோம்பல்.

யாரும் கூப்பிடவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சுவிட்சை அணைத்தேன்.

"அன்னிக்கும் இப்புடித்தானா?"

கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தங்கச்சிகிட்ட எதுவும் சொல்லிக்கினு இருக்காத."

சீ. இருபத்திரண்டு நாள். குளிப்பாட்டி, சோறு பிசைந்து கொடுத்து, சீழ் துடைத்து, சாமி முன்னால் என் வாயையே திட்டிக்கொண்டு நின்றேனே. விரலை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. ஆளை நினைத்தால் அருவருப்பு. மத்தியானம் சோறு இறங்கவில்லை. இவருக்கு இறங்கியது, மோர் வேறு கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

மூட்டம். மழை இல்லை. மாம்பழ நாற்றம் அப்படியே. பன்னிரண்டு கட்டை முடிந்தது, ஒன்றும் கவ்வவில்லை.

தங்கை பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாவதில் பாதி அறுத்திருப்பேன். வீட்டுக்குள்ளிருந்து இவர் கத்துகிறார், காபி வேண்டுமாம். தெருவுக்கே கேட்டிருக்கும்.

திரும்பவில்லை. பள்ளத்தை அகலமாக்கினேன். சுண்டுவிரல் கனத்தில் நிறுத்தினேன். மெஷின் முழுக்க நின்ற பிறகு ரம்பத்தால் மிச்சத்தை அறுத்து, கட்டையை அவள் மடியில் வைத்தேன். பத்து விரலையும் அவள் முகத்துக்கு நேரே விரித்தேன்.

"மெஷின் ஓடசொல்லதான் உங்கண்ணன் கூப்ட்டாரு. எண்ணிப் பாரு."