மூன்றரை அங்குல மடிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், மகள் ஆஷ்லின், நாத்தனார் ஆன்மேரி. மூன்று பேர். வேறு யாரும் இல்லை. நான் தனியாகத் திறந்தேன் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் துணிகளை அவர் அடக்கத்தன்று எண்ணாமல் அள்ளிப் போட்டு நான் பூட்டிய பெட்டி. ஏழு மாதமாகத் திறக்கவில்லை. ஆஷ்லின் காலேஜுக்கு அப்பாவின் ஜீன்ஸைத்தான் போடுவேன் என்கிறாள். கணுக்காலுக்கு மேலே வெட்டி, ஓரத்தில் நூலைப் பிரித்துவிட்டால் போதுமாம். சரி, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றேன்.

அவருக்கு இருந்தது மூன்று ஜீன்ஸ். என் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஒன்று அவர் உடம்போடு மண்ணுக்குள் போயிற்று. மீதி இரண்டு.

பெட்டியில் மூன்று இருந்தன.

ஜூன் 4, புதன்

திரும்ப எண்ணினேன். மூன்றுதான்.

ஜூன் 6, வெள்ளி

எனக்குத் தையல் வராது. மெஷினும் இல்லை, ஜீன்ஸ் துணியில் கை ஊசி உடைந்துபோகும். போனைப் பார்த்து நானே கற்றுக்கொண்டதுதான் இந்த ஒட்டுகிற டேப். மடிப்புக்குள் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் உருகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு இடத்துக்கு மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லும் நேரம் அழுத்த வேண்டும். குறைந்தால் ஒட்டாது, கூடினால் துணி கருகும். ஒட்டுக்கு ஒட்டு ஒரு விரல் இடைவெளி விடுவேன். தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் பேண்ட் நீளம் குறைத்துக் கொடுக்கிறேன். யாருக்கு எத்தனை அங்குலம் மடித்தேன் என்பது நோட்டில் இருக்கும். மடிப்பின் உள்ளே, வெளியே தெரியாமல், மார்க்கரால் ஒரு சின்னச் சிலுவை. போடுகிறவருக்கு ஒரு காவல் இருக்கட்டும் என்று.

போன நவம்பரில் பெருமழை விட்ட மறுநாள் அவர் படகு எடுத்துப் போனார். அப்போது நான் காலைப் பூசையில் இருந்தேன். எதை உடுத்திக்கொண்டு போனார் என்று பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து உப்பளத்துக்குக் கடல்தண்ணீர் வரும் கால்வாயில் உடல் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். முகம் இல்லை என்று அர்த்தம். பேண்ட்டைப் பாருங்கம்மா என்றார் ஏட்டு. ஒரு காலின் மடிப்பு இன்னும் பிடித்தபடி இருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பிரித்தேன். என் சிலுவை. என் வீட்டுக்காரர்தான் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

இன்று பெட்டியிலிருந்த மூன்றையும் பிரித்தேன். மூன்றிலும் என் சிலுவை. மூன்றும் இரண்டு அங்குல மடிப்பு, அவருக்கு எப்போதும் அதுதான். விரலை விட்டால் இரண்டாவது கணு வரைக்கும் போகிறது.

ஆஸ்பத்திரியில் என் விரல் முழுசும் உள்ளே போனது. மோதிரம்கூட மறைந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கலையே — எப்படி உறைக்காம போச்சு?

அப்படியானால் அவர் கைலியோடு போயிருக்கிறார். கைலிகளை நான் எண்ணி வைத்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து கல்லறைக்குப் போனேன். மெழுகுவர்த்தி வைத்தேன். சிலுவையில் சவரிராயன் என்று எழுதியிருக்கிறது. ஏழு மாதமாக அந்தப் பேரைச் சொல்லி அழுத இடம். இன்று அழுகை வரவில்லை. புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தவள்போல் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். என்னை அறியாமல் வாய் கேட்டுவிட்டது: “யாருங்க நீங்க?”

பதிலுக்குக் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். மூன்றரை அங்குலம் மடித்தது ஒரே ஒருவருக்கு. கடைத்தெருவில் குடியிருந்த உபைத். என் வீட்டுக்காரருடைய சினேகிதர். துபாயிலிருந்து வந்த ஜீன்ஸ் பேண்ட், இரண்டு, ஒன்றைத்தான் ஒட்டக் கொடுத்தார். அக்டோபர் கடைசியில் ஒட்டிக் கொடுத்தேன்.

அதிலும் சிலுவை போட்டேனா? கை பழக்கத்தில் போட்டிருப்பேன். அவரிடம் கேட்கவில்லை.

உபைத் மழையோடு மழையாகப் பெற்ற அத்தாவோடு சண்டை போட்டுவிட்டு, மறுபடி துபாய்க்கே போகிறேன் என்று கிளம்பியவர். போலீசில் யாரும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போனவரை யார் தேடுவார்கள்?

ஜூன் 11, புதன்

அவர் படகு எடுத்த அன்று யார் யார் ஏறினார்கள் என்று படகுத்துறையில் வலை காயவைக்கும் மரியதாஸிடம் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்: “ரெண்டு பேரு ஏறுன மாதிரி இருந்துச்சுக்கா. அப்பவே சொன்னேன், குடிச்சிட்டு ஒளர்றான்னுட்டாங்க.”

சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

ஜூன் 13, வெள்ளி

ஆன்மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பேண்ட்டை எண்ணிப் பார்த்து ஆளை எண்ணுறியா என்றாள். நோட்டைக் காட்டினேன். பிறகு சிரிக்கவில்லை. “அண்ணி, அது எங்க அண்ணன் இல்லன்னா, எங்க அண்ணன் எங்க?” என்றாள்.

ராத்திரி சாப்பிடவில்லை. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாதா படத்தின் மேல் சத்தியம் கேட்டாள். நான் கையை வைக்கவில்லை.

ஜூன் 14, சனி

பெரிய முதலியார்சாவடி போய்வந்தேன். உபைத்தின் மனைவி ஆஸிஃபா அங்கே அம்மா வீட்டில் இருக்கிறாள். கை நிறைய வளையல். டீ போட்டுக் கொடுத்தாள். போன் வந்ததா என்று மட்டும் கேட்டேன்.

“அந்த ஆளா? கோவம் வந்தா வருஷக்கணக்குல பேச மாட்டாரு. வரட்டும், வச்சிக்கிறேன்,” என்று சிரித்தாள். உள்ளே போய் ஒரு பேண்ட்டைக் கொண்டுவந்தாள். துபாயிலிருந்து வந்ததில் மற்றொன்று. “பழைய அளவுக்கே ஒட்டிக் குடுங்கக்கா. வந்தா போட்டுக்கட்டும்.”

நான் சொல்லப் போனதைச் சொல்லவில்லை. பேண்ட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மடியில் அது, உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை மாதிரிக் கனமாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

ஆஷ்லின் இல்லாத நேரம் பார்த்து ஒட்டினேன். மூன்றரை அங்குலம். ஈரத்துணி. அருள் நிறைந்த மரியே, ஒன்று, இரண்டு. ஆவி எழும்பியபோது கால்வாய்த் தண்ணீர் வாசனை. இந்தத் துணி அந்தத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. மூன்றாவது ஜெபத்தை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை.

ஆறியதும் ஆள்காட்டி விரலை விட்டேன். முழுசும் போனது. மோதிரம் மறைந்தது.

அதே இடம். என் விரல் முன்பே போய்வந்த இடம்.

மார்க்கரை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆன்மேரி பேசுவதில்லை. ஆஷ்லின் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா எப்ப வேணா கேப்பாரு, இருக்கட்டும்மா என்கிறாள். அவளிடம் யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

கடிதத்தை எழுதிவிட்டேன். பேண்ட்டோடு சேர்த்துக் கவரில் வைத்து, நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதன் நகல்:

“அன்புள்ள ஆஸிஃபாவுக்கு இன்னாசிமேரி அக்கா எழுதுவது. அன்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, மன்னித்துக்கொள். இதைப் படிக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

நவம்பரில் எங்கள் கோயில் கல்லறையில் நான் அடக்கம் செய்தது என் வீட்டுக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். அந்த உடம்பில் இருந்த பேண்ட், அக்டோபரில் நான் உபைத்துக்கு ஒட்டிக் கொடுத்தது. மடிப்பு மூன்றரை அங்குலம். உள்ளே அவரைக் கேட்காமல் நான் போட்ட ஒரு சிலுவை இருந்தது. அதைப் பார்த்துத்தான் என் ஆள் என்று கையெழுத்துப் போட்டேன். உங்கள் முறைப்படி ஒரு தொழுகைகூட இல்லாமல், வேறு பேரில், ஏழு மாதமாக அங்கே கிடக்கிறார். தப்பு என்னுடையது.

நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும் என்று நீயும் வேண்டிக்கொள். பொய்யானால் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. மெய்யானால் நாம் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், நான் கூட வருகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று உபைத், நான் ஒட்டிக் கொடுத்த அந்த நீலப் பேண்ட்டைத்தான் போட்டிருந்தாரா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும். சீக்கிரம் பதில் சொல்லு.”